இயற்கையிலிருந்து மருந்து: புரதங்கள், பெப்டைடுகள், தாவரச் சேர்மங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு நஞ்சிலிருந்து இரத்த அழுத்த மாத்திரை வந்தது உண்மையா? நித்திய கல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் தீருமா? பால் புரதம் மருந்தாகுமா? உயிர்வேதியியல் படித்தவர்களும் படிக்காதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தத் துறையின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே இதன் பெயரால் பரவும் மிகைப்பேச்சைக் கண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பொருள் இயற்கையில் கிடைத்ததா, ஆலையில் செய்யப்பட்டதா என்பதைவிட முக்கியமான மூன்று கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு கொடுக்கிறோம், எந்த வழியாகக் கொடுக்கிறோம், அது உடலில் எதைப் போய்த் தொடுகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த மூன்றையும் பற்றியவைதான்.

உயிர்ச்செயல் கொண்ட சேர்மம் என்றால் என்ன? அப்படிச் சொன்னாலே அது நல்லது என்று பொருளா?

உயிருள்ள செல்லில் நடக்கும் ஏதாவது ஒரு வேலையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வல்ல பொருள் எதுவும் உயிர்ச்செயல் கொண்டதுதான். வலிக்குத் தரும் மார்ஃபின், மலேரியாவுக்குத் தரும் குயினின், இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் போன்ற சிறு மூலக்கூறுகள் ஒரு வகை. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து உருவான புரதங்களும், அவற்றின் சிறிய உறவினர்களான பெப்டைடுகளும் இன்னொரு வகை.

நல்லது என்ற பொருள் இதில் கிடையாது. ஆமணக்கு விதையில் உள்ள ரைசின், குன்றிமணியில் உள்ள ஆப்ரின் ஆகிய இரண்டும் தாவரப் புரதங்கள். செல்லுக்குள் புகுந்த ஒரே ஒரு ரைசின் மூலக்கூறு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் செயலிழக்கச் செய்துவிடும். உயிர்ச்செயல் என்று பார்த்தால் இதற்கு ஈடான புரதங்கள் மிகச் சிலவே. ஆனால் அது கொல்லும். (விளக்கெண்ணெயில் ரைசின் இருக்காது. அது எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது.)

புரதத்தை மாத்திரையாக விழுங்க முடியாது என்கிறார்களே, ஏன்?

இரைப்பையும் குடலும் புரதத்தைத் துண்டாக்குவதற்கென்றே அமைந்த உறுப்புகள். பெப்சின், டிரிப்சின் போன்ற நொதிகளுக்கு நாம் சாப்பிட்ட புரதம் உணவா மருந்தா என்று தெரியாது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின், 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்ட நாள் தொட்டு இன்று வரை பெரும்பாலும் ஊசியாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். துண்டாகாமல் தப்பினாலும், பெரிய மூலக்கூறு குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வது கடினம்.

விலக்குகளும் உண்டு, அவை சுவையானவை. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த பெப்டைடு. 11 அமினோ அமிலங்கள் வளையமாக மூடியிருப்பதாலும், பலவற்றில் மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருப்பதாலும் நொதிகளால் அதை எளிதில் வெட்ட முடிவதில்லை. வாய்வழியாகவே கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் பயன்படும் செமாகுளுடைடு என்ற பெப்டைடு மாத்திரையாகவும் வந்திருக்கிறது. ஆனால் அதில் இரத்தத்தைச் சென்றடைவது ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. உடன் சேர்க்கப்படும் ஒரு துணைப்பொருள் இல்லாவிட்டால் அதுவும் போய்ச் சேராது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொண்டால், குடலில் உறிஞ்சப்படாத அதன் குறையே நிறையாகிவிட்டது: குடலுக்குள் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் தொற்றைக் குணப்படுத்த அதை வாய்வழியாகக் கொடுக்கிறார்கள், இரத்தத் தொற்று என்றால் அதே மருந்தை நரம்பூசி வழியாகத்தான் செலுத்த வேண்டும்.

எனவே ஏதோ ஒரு புரதத் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்தால் மூட்டையோ மூளையோ தேடிப் போய்ச் சரிசெய்யும் என்று யாராவது சொன்னால், "குடலை எப்படித் தாண்டுகிறது?" என்று கேளுங்கள்.

பாம்பு நஞ்சிலிருந்து இரத்த அழுத்த மருந்து வந்த கதை உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இயற்கைப் பொருள் மருந்தாக மாறும் பாதையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது.

பிரேசிலில் ஜராராக்கா என்ற விரியன் இனப் பாம்பு உண்டு. அது கடித்தவருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும். செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் மருந்தியல் அறிஞர் 1960களில் அந்த நஞ்சை ஆராய்ந்து, இரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளின் செயலை அது பன்மடங்கு கூட்டுவதைக் கண்டார். லண்டனில் ஜான் வேன் நடத்திய ஆய்வகத்துக்கு அந்தச் சாற்றைக் கொண்டுபோனார். அங்குதான் முடிச்சு அவிழ்ந்தது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை உடல் தயாரிப்பதற்கு ஒரு நொதி தேவை. அதே நொதிதான் பிராடிகைனினையும் சிதைக்கிறது. நஞ்சில் இருந்த பெப்டைடுகள் அந்த நொதியை முடக்கின.

அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனம் அவற்றில் ஒன்றான, 9 அமினோ அமிலங்கள் கொண்ட டெப்ரோடைடை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. அழுத்தம் குறைந்தது. ஆனால் அது பெப்டைடு. ஊசியாகத்தான் கொடுக்க முடியும். இரத்த அழுத்த நோயாளிக்கோ வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். தினமும் பல முறை ஊசி என்றால் யார் போட்டுக்கொள்வார்கள்?

ஸ்குவிப்பின் ஆய்வாளர்களான டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் நஞ்சை விட்டுவிட்டு நொதியைப் பற்றி யோசித்தார்கள். அதன் வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாக அணு இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். நஞ்சுப் பெப்டைடின் வால் முனையில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அந்தப் புரோலினை வைத்துக்கொண்டு, மீதிச் சங்கிலியைத் தள்ளிவிட்டு, துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு கந்தகத் தொகுதியை மறுமுனையில் பொருத்தினார்கள். முந்தைய முயற்சிகளைவிட அது சுமார் ஆயிரம் மடங்கு வலுவாக நொதியைப் பிடித்தது. அதுதான் கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் வந்த எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் வழிவந்தவை.

மாத்திரையில் பாம்பின் நஞ்சு ஒரு துளியும் இல்லை. பாம்பு கொடுத்தது ஒரு குறிப்பு மட்டுமே: இந்த நொதியை முடக்கினால் அழுத்தம் குறையும், முடக்க வேண்டுமானால் இந்த வடிவம் பொருந்தும். அந்தக் குறிப்பு கிடைத்திராவிட்டால் அந்த நொதியை மருந்தால் முடக்கும் யோசனை எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ.

நஞ்சுகளில் மட்டும் ஏன் இவ்வளவு மருந்துகள்?

நஞ்சு குறி தவறாமல் அடிக்க வேண்டும். இரையின் நரம்பு, இரத்தம், இதயம் ஆகியவற்றில் ஏதோ ஓர் ஏற்பியையோ (செல்லில் செய்தியை வாங்கும் புரதம்) நொதியையோ மிகக் குறைந்த அளவிலேயே முடக்கிவிட வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பரிணாமம் கூர்தீட்டிய மூலக்கூறுகள் அவை. மருந்தியலாளர் தேடுவதும் அதே துல்லியத்தைத்தான்.

அட்டை கடித்தால் இரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின், 65 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இரத்தத்தை உறையவைக்கும் திராம்பினை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையின்போது பயன்படும் பைவாலிருடின் இதை முன்மாதிரியாக வைத்து உருவானது. அதே சிகிச்சையில் பயன்படும் எப்டிஃபிபடைடு ஒரு கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சையும், டைரோஃபிபான் சுருட்டை விரியனின் நஞ்சையும் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. இரண்டுக்கும் அனுமதி கிடைத்த ஆண்டு 1998.

கூம்பு நத்தையின் கதை தனி. மீனைக் குத்தி நொடியில் செயலிழக்கச் செய்யும் கடல் நத்தை அது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேராவும் அவருடைய மாணவர் மைக்கேல் மெக்கின்டோஷும் அதன் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தார்கள். வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளின் கால்சியம் வாயிலை அது அடைக்கிறது. 2004இல் சிகொனொடைடு என்ற பெயரில் மருந்தாக வந்தது. மார்ஃபினைப் போல உடலுக்குப் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய நிலை இதில் இல்லை. ஆனால் தண்டுவட நீரில், ஒரு பம்ப் மூலம்தான் செலுத்த முடியும். குழப்பம், இல்லாததைக் காண்பது போன்ற கடுமையான விளைவுகளும் வரலாம். ஆகவே வேறு எதற்கும் அடங்காத வலிக்கு மட்டுமே கொடுக்கிறார்கள்.

எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசி பல்லி எச்சிலா?

இல்லை. குழப்பத்துக்குக் காரணம் அதன் முன்னோடியான எக்ஸெனடைடு. நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் இன்சுலினைத் தூண்டும். ஆனால் இரத்தத்தில் இரண்டு நிமிடங்களுக்குள் பாதியாகிவிடும். கிலா என்ற நச்சுப்பல்லியின் உமிழ்நீரில் இதையொத்த, 39 அமினோ அமிலங்கள் கொண்ட எக்ஸெண்டின்-4 இருப்பதை ஜான் எங் 1992இல் அறிவித்தார். மனித ஹார்மோனை வெட்டும் நொதியால் இதை வெட்ட முடியவில்லை. பல மணி நேரம் வேலை செய்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்து 2005இல் சர்க்கரை நோய்க்கு மருந்தாகக் கொண்டுவந்தார்கள். செமாகுளுடைடு, மனித ஹார்மோனையே சற்று மாற்றி நீண்ட நேரம் தாங்கும்படி செய்தது. பல்லி அந்த வழி பலிக்கும் என்று காட்டியது.

தாவரங்களிலிருந்து அப்படி என்ன கிடைத்திருக்கிறது?

பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. அபினியிலிருந்து மார்ஃபின், சின்கோனா பட்டையிலிருந்து குயினின், சர்ப்பகந்தாவிலிருந்து ரெசர்பின். எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.

சீனாவின் து யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய மூலிகைக் குறிப்புகளைப் புரட்டியவர். ஒரு செடியின் சாறு எலிகளில் ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கும் பேச்சே இல்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று அவர் ஐயுற்றார். சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் கிடைத்த சாறு எலிகளின் மலேரியாவை முழுமையாகக் குணப்படுத்தியது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவரும் உடன் பணியாற்றியவர்களும் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். ஆர்டிமிசினின் பிறந்தது இப்படித்தான். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரபறிவை அவர் கும்பிட்டு ஏற்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் படித்துச் சோதித்தார்.

இரண்டாவது நித்திய கல்யாணி. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லப்பட்ட இதை ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் கனடாவில் ஆராய்ந்தபோது சர்க்கரை குறையவில்லை. இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படியானால் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில்? வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் இரண்டும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. வேறு மருந்துகளோடு சேர்த்து வின்கிறிஸ்டினையும், பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் அஸ்பராஜினேஸ் என்ற நொதியையும் கொடுக்கும் சிகிச்சையால், ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் பலிகொண்ட லிம்போ வகை இரத்தப் புற்றுநோயிலிருந்து இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில் 10இல் 9 குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள்.

அப்படியானால் அந்த இலையையே சாப்பிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். வின்கிறிஸ்டினை உடல் பரப்பளவைக் கணக்கிட்டு, ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மிகாமல், நரம்பூசியாகக் கொடுக்கிறார்கள். தவறுதலாகத் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போகும். இலையில் அது இருப்பது மிக மிகச் சிறிய அளவு. கூடவே எத்தனையோ வேறு ஆல்கலாய்டுகள். எந்த இலையில் எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

டிஜாக்சினைப் பாருங்கள். இதய நோயாளியின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவுக்குள் இருந்தால் மருந்து. 2ஐத் தாண்டினால் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. இதே குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள்தான் அரளியிலும் உள்ளன. அரளி விதை தின்றவர்களைக் காப்பாற்றும் மாற்று மருந்து, செம்மறியாட்டின் உடலில் உருவாக்கி எடுக்கும் எதிர்ப்புப் புரதத்தின் துண்டு. தாவரச் சேர்மத்துக்கு விலங்குப் புரதம் மருந்தாகும் இந்த இடம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஆர்டிமிசினின் தரும் செடியின் தேநீரை மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேவைக்குக் குறைவான அளவு போனால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கவும் பழகிக்கொள்ளும்.

"இந்தச் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது" என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

கையில் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு படியுங்கள். இத்தகைய கட்டுரைகளில் ஐ.சி.50 என்று ஓர் எண் இருக்கும். செல்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு அது. எடுத்துக்காட்டாக, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சிறியதாகத் தெரிகிறது, இல்லையா?

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அதில் மட்டும் அந்தச் செறிவை எட்ட 250 மில்லிகிராம் தூய சேர்மம் கரைந்திருக்க வேண்டும். ஆனால் சேர்மம் இரத்தத்தில் மட்டும் நிற்காது. உடலின் மொத்த நீரான சுமார் 40 லிட்டரிலும் பரவினால் 2 கிராம் தேவை. வாய்வழியாகக் கொடுத்ததில் 1 சதவீதம்தான் உள்ளே சேரும் என்றால், விழுங்க வேண்டியது 200 கிராம் தூய சேர்மம். காய்ந்த இலையில் அது 1 சதவீதம் இருந்தால் 20 கிலோ இலை. அதுவும் ஒரு வேளைக்கு. கல்லீரல் அதை உடனே சிதைக்கத் தொடங்கிவிடும் என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உண்மையில் புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்சல் போன்றவை இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த செறிவில், நானோமோலார் அளவில், செல் பிரிவதை நிறுத்துகின்றன. எண்ணைப் பார்த்த பிறகு இன்னொன்றையும் தேடுங்கள்: இயல்பான செல்களை அது என்ன செய்தது? தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல அடர்ந்த உப்புக் கரைசலே போதும். நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதுதான் அரிது. இயல்பான செல்களோடு ஒப்பிடாத ஆய்வை வைத்து "புற்றுநோய்க்கு மருந்து" என்று தலைப்புப் போடுவது நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

மஞ்சளின் கர்க்குமின் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் உள்ளனவே?

உள்ளன, சோதனைத் தட்டில் அது ஏறக்குறைய எல்லாவற்றின் மீதும் செயல்படுகிறது. கவலை அங்கேதான் தொடங்குகிறது. கர்க்குமின் நீரில் சரிவரக் கரையாது, உடலின் காரத்தன்மையில் விரைவில் சிதையும், குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடும். போதாததற்கு, அது இயல்பிலேயே ஒளிரும். பல புரதங்களோடு பொதுவாகவே வினைபுரியும். இதனால் சோதனைக் கருவிகள் "செயல்படுகிறது" என்று பொய்யாகக் காட்டுவதும் உண்டு. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் இதையெல்லாம் விரிவாக எடுத்து எழுதினார்கள்.

மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும் என்பதற்கு ஆய்வு உண்டு. ஆனால் பைப்பரின், மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கக்கூடியது. அப்படி உறிஞ்சுதல் கூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் இருக்கின்றன. சமையலில் சேரும் அளவு வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

பால் புரதங்களில் மருத்துவ குணம் உண்டா?

லாக்டோஃபெரின் என்ற பால் புரதம் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கிருமிக்கு அது கிடைக்காமல் செய்கிறது. சோதனைத் தட்டில் மிகச் சிறப்பாக வேலை செய்யும். குறைமாதக் குழந்தைகளைத் தொற்றிலிருந்து காக்கும் என்று சிறிய ஆய்வுகள் நம்பிக்கையளித்தன. பிரிட்டனில் 2203 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: பசும்பால் லாக்டோஃபெரின் கொடுக்கப்பட்டவர்களில் 29 சதவீதத்தினருக்கும், கொடுக்கப்படாதவர்களில் 31 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வை நடத்தியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பலன் இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் மருத்துவ அறிவுதான். அது இல்லாவிட்டால் இன்றும் நம்பிக்கையின் பேரில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் அடுத்த ஆன்டிபயாடிக் ஆகுமா?

மைக்கேல் சாஸ்லாஃப் 1987இல் ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் மகைனின் என்ற 23 அமினோ அமிலப் பெப்டைடைக் கண்டுபிடித்தபோது எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அறுவை செய்த தவளைகளை அழுக்கு நீரில் விட்டாலும் அவற்றின் புண் சீழ்பிடிக்கவில்லை. ஏன் என்று அவர் யோசித்ததுதான் தொடக்கம். மகைனின் கிருமியின் சவ்வில் துளையிடுகிறது. அதன் வழிவந்த பெக்சிகனான், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கான களிம்பாகக் கடைசிக் கட்டம் வரை வந்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளிலும் தேறவில்லை. சவ்வைத் துளைக்கும் பொருள் நம் செல்களையும் சற்றுத் துளைக்கும். இரத்தத்தின் உப்பும் நொதிகளும் அதன் வலுவைக் குறைக்கும்.

ஆனாலும் கைவிடக் கூடாத துறை இது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர மறுப்பவை. அவற்றை மண்ணிலேயே வைத்து வளர்க்கும் கருவி ஒன்றின் உதவியால் 2015இல் டெய்க்சோபாக்டின் என்ற பெப்டைடு வெளியே வந்தது. எதிர்ப்பு வளர்வது கடினமான ஓர் இடத்தில் அது கிருமியைத் தாக்குகிறது.

அன்னாசி, பப்பாளி நொதிகள்?

அன்னாசித் தண்டின் புரோமெலைன் சார்ந்த நொதிக் கலவை, தீக்காயத்தில் செத்துப்போன தோலை மட்டும் கரைத்து நீக்கப் பயன்படுகிறது. ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் அனுமதி பெற்றது. நொதி வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே நேரடியாகப் பூசப்படுவதால் குடல் என்ற தடையே இல்லை. பப்பாளியின் பப்பைன் கலந்த புண் களிம்புகளோ, கடுமையான ஒவ்வாமை காரணமாக 2008இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன.

மருந்துக்காக உயிரினங்களையும் மரங்களையும் அழிக்க வேண்டியிருக்குமே?

இந்தக் கவலை நியாயமானது. பேக்லிடாக்சல் முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது; பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். மெதுவாக வளரும் மரம் அது. பிறகு ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் அதன் முன்னோடிச் சேர்மம் கண்டறியப்பட்டது. இலையைப் பறித்தால் மரம் மீண்டும் துளிர்க்கும். இன்று தாவரச் செல்களைத் தொட்டிகளில் வளர்த்தே எடுக்கிறார்கள். அலையாத்தி வேர்களில் ஒட்டி வாழும் ஒரு கடல் உயிரியிலிருந்து கிடைத்த டிராபெக்டெடின் புற்றுநோய் மருந்தை, பாக்டீரியா தரும் வேறொரு சேர்மத்திலிருந்து தொடங்கித் தயாரிக்கிறார்கள். பெப்டைடுகளைக் கருவியிலேயே கோத்துவிடலாம்; புரதங்களுக்கு மரபணுவை ஈஸ்டிலோ பாக்டீரியாவிலோ புகுத்தலாம். பன்றி, மாடுகளின் கணையத்தை நம்பியிருந்த இன்சுலின் 1982இல் இந்த வழிக்கு மாறத் தொடங்கியது.

இயற்கையானது என்பதால் பக்கவிளைவு இருக்காது, மற்ற மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிடலாம் என்பது சரியா?

தவறு, ஆபத்தான தவறு. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் எடை குறைக்கும் மூலிகை மாத்திரையில் ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டது. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பாழானது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடுதீண்டாப்பாளை அதே இனத்தைச் சேர்ந்தது, இந்தக் கேட்டுக்குக் காரணமான அரிஸ்டோலோகிக் அமிலத்தைக் கொண்டது.

மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைப் பெருக்கும். இதய மாற்று செய்துகொண்ட இருவர் அதைச் சாப்பிட்டதால் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, மாற்று இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. 2000இல் இது மருத்துவ இதழில் பதிவானது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, உறுப்பு மாற்று மருந்து, கருத்தடை மாத்திரை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றை எடுப்பவர்கள் எந்த மூலிகை மாத்திரையானாலும் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகே தொட வேண்டும். மருத்துவர் திட்டுவாரோ என்று பலர் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள், புட்டியையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு மூலிகை நன்றாகக் கேட்கிறது. ஆராய வைக்க என்ன செய்வது?

முதலில் செடியின் அடையாளம். பூ அல்லது காயோடு கூடிய கிளையை அழுத்திக் காயவைத்து, எடுத்த இடம், தேதி எழுதி, ஒரு தாவரவியல் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். ஒரே பெயரில் நான்கு செடிகளை அழைப்பது வழக்கம் என்பதால் இது இல்லாமல் எந்த ஆய்வும் நிற்காது. பிறகு, எந்தப் பாகம், எந்தப் பருவம், பச்சையா காய்ந்ததா, நீரிலா எண்ணெயிலா, கொதிக்கவைத்தா குளிர்ச்சியாகவா என்று செய்முறையை அப்படியே எழுதுங்கள். ஆர்டிமிசினின் கதையில் எல்லாமே அந்தக் கடைசி விவரத்தில் அடங்கியிருந்ததை மேலே பார்த்தோம். யாருக்கு எந்த நோய்க்குக் கொடுத்தீர்கள், யாருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேட்காதவர்களை விட்டுவிட்டால் ஆய்வாளருக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

மருந்தியல் துறையையோ ஆய்வு நிறுவனத்தையோ அணுகும்போது, மாதிரியைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்து வடிவில் ஒப்பந்தம் கேளுங்கள். உயிரினங்களின் மரபணு வளங்களையும் அவை பற்றிய மரபறிவையும் பயன்படுத்துவோர் முன் இசைவு பெற்று, பயனில் பங்கு தர வேண்டும் என்பதற்காக 2010இல் நகோயா உடன்படிக்கை உருவாகி, 2014இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளில் இதற்கான சட்டமும் அலுவலகமும் இருக்கும். அந்த அறிவு ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதா, ஊராருக்கோ ஒரு சமூகத்துக்கோ பொதுவானதா என்பதையும் முன்கூட்டியே பேசித் தீர்மானித்து, ஒப்பந்தத்தில் அவர்கள் எல்லோருடைய பெயரிலும் உரிமையைப் பதியுங்கள்.